மரணசாதனத்தில் வரும் பூட்டனார் எந்த ஊரவர்?

கேள்வி (முள்ளியவளையிலிருந்து):
வணக்கம். இடப்பெயர்வுகளில் பொலித்தீன் பைக்குள் தப்பிய ஒரே பத்திரம் எங்கள் பூட்டனாரின் மரணசாதனம் (உயில்). அதில் இங்கு வன்னியிலுள்ள வயலுடன் யாழ். குடாநாட்டின் தெல்லிப்பழையில் ஒரு பனங்காணியும் வருகிறது; பனங்காணி “முதுச உரித்து” என எழுதப்பட்டுள்ளது. ஓரத்தைக் கறையான் அரித்ததால் அவருடைய தந்தையின் பெயர் போய்விட்டது. அவர் வன்னிக்கு வந்து குடியேறியவர்தானா என்பதை எவ்வாறு உறுதிசெய்யலாம்?

பதில் 1:
ஐயா, விடையின் பாதி “முதுசம்” என்ற சொல்லிலேயே இருக்கிறது. 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி, முதுசம் பெற்றோர் வழியாக இறங்குவது, சீதனம் பெண்ணுக்குக் கொடுபடுவது, மணவாழ்வில் சம்பாதித்தது தேடியதேட்டம். வயல் தேடியதேட்டமாகக் குறிக்கப்பட்டிருந்தால், அவர் குடாநாட்டிலிருந்து வந்து இங்கு நிலம் வாங்கினார் என்று கொள்வது நியாயமே. பனங்காணியின் பழைய உறுதிகளை (காணிப் பத்திரங்களை)க் காணிப் பதிவகத்தில் தேடி, ஒவ்வொன்றிலும் சுட்டப்படும் முந்தைய உறுதியின் இலக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கிச் செல்லுங்கள். எல்லையில் வரும் அயற்காணிக்காரர் பல வேளைகளில் உடன்பிறந்தவராகவே இருப்பார்.

பதில் 2:
தெல்லிப்பழையில் 1816 முதல் அமெரிக்க மிஷன் இயங்கியதால், உறவில் ஞானஸ்நானம் பெற்றவர் இருந்தால் தேவாலயப் பதிவேட்டையும் பாருங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். அதை மறந்து இருவரை ஒருவராக்கி, எங்கள் வீட்டுப் பெரியவரை நான் நூற்றிருபது வயது வாழவைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வயலுக்கு நேரே “தேடிய” என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.