யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா? ஐந்து பேராகப் போய் வந்த அனுபவம்

போன வருஷம் மே மாதம் நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 64 வயது அம்மா என்று ஐந்து பேராக பிராங்பர்ட்டில் இறங்கி, கொலோன், மியூனிக், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் பார்த்துவிட்டுப் பாரிஸில் முடித்தோம். கிளம்பும் முன் என்னை ரொம்பக் குழப்பியது இந்த ரயில் டிக்கெட் விஷயம்தான்: பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வரும் யூரெயில் பாஸை எடுப்பதா, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுப்பதா என்று. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

எங்களைப் பாஸ் பக்கம் தள்ளியது விசா. ஜெர்மனியில் மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்தால் சலுகை டிக்கெட் நிஜமாகவே மலிவு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலில் மட்டும்தான் ஏறலாம், அதிலும் மிக மலிவானதை எடுத்துவிட்டால் ரத்து செய்தாலும் பணம் வராது. விசா கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் ஐந்து பேருக்கு அப்படிப் பணம் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது பயணத்துக்கு 18 நாள்தான் இருந்தது, அதற்குள் விலை எல்லாம் ஏறியிருந்தது. சரி என்று ஒரு மாதத்துக்குள் ஏதாவது 5 நாள் பயணம் செய்யும் பாஸை எடுத்தோம். 4 முதல் 11 வயது வரை, ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் இலவசம். அம்மாவுக்கு 60 தாண்டியதால் 10 சதவீதம் குறைந்தது.

நம்மூரில் முன்பதிவு டிக்கெட் என்றாலே பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் சேர்ந்தே வரும். அங்கே டிக்கெட் வேறு, இருக்கை வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் பாஸ் வாங்கினால் பிறகு வருத்தப்படுவீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் பெரும்பாலான பகல் ரயில்களில் பாஸைக் காட்டி ஏறி, காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களிலெல்லாம் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். பாஸ் இலவசமாகக் கிடைத்த பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டணம் உண்டு.

பாஸின் அருமை எனக்கு மியூனிக்கில் தெரிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, ஸ்டேஷனோ பெரியது, கடைசி நேரத்தில் பிளாட்பாரமும் மாறியது, நாங்கள் போய்ச் சேரும்போது சால்ஸ்பர்க் ரயில் கிளம்பிவிட்டது. அம்மா "என்னாலதானேப்பா" என்று முகம் வாடிப்போய் நின்றார்கள். "ஒண்ணும் இல்லம்மா, அடுத்த வண்டியில போலாம்" என்று சொல்ல முடிந்ததே, அந்த நிம்மதிக்காகவே கொடுத்த காசு தகும் என்று அப்போது நினைத்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதத்துக்குப் பதில் பிரெட்டும் பழமும் சாப்பிட்டு, அடுத்த ரயிலில் ஏறினோம்.

அடி விழுந்தது பாரிஸ் போகும்போது. தாமதமாகத் தேடியது என் தவறு. நாங்கள் போக வேண்டிய நாளில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டன. ரயிலில் இடம் இருக்கிறது, பாஸ் விலையில் இல்லை. முழு விலைக்கு ஐந்து டிக்கெட் எடுத்தோம், பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. பாஸில் மிஞ்சிய ஒரு நாளை வீணாக்காமல் இண்டர்லாக்கனிலிருந்து ப்ரூனிக் கணவாய் வழியாக லூசர்ன் போய்த் திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே ஏரி மாற்றி ஏரி, பெரியவன் போனையே தொடவில்லை.

இன்னொன்று. பாஸ் இப்போது போனில் செயலியாக வருகிறது. ரயில் ஏறும் முன்பே அந்த ரயிலைச் செயலியில் சேர்த்துவிட வேண்டும், அப்போதுதான் பரிசோதகர் ஸ்கேன் செய்யும் குறியீடு வரும். மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது இணையம் வேண்டும். பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பதில்:
நான் ஸ்டுட்கார்ட்டில் எட்டு வருஷமாக இருக்கிறேன். அண்ணா, மியூனிக்–சால்ஸ்பர்க்குக்கு ஒரு பாஸ் நாளைச் செலவு செய்திருக்க வேண்டாம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கென்று பயர்ன் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், சால்ஸ்பர்க் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான், உள்ளூர் ரயில்களில் மட்டும்தான். அப்புறம், ஜெர்மன் ரயில்வேயின் சாதாரண டிக்கெட்டிலும் 14 வயது வரை பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசம், டிக்கெட்டில் அவர்களைச் சேர்த்தால் போதும். அதனால் ஜெர்மனிக்குள் மட்டும் சுற்றுபவர்கள் பிள்ளைகளுக்காகப் பாஸ் எடுக்க வேண்டாம். சலுகை டிக்கெட்டில் அந்த ஒரு ரயிலில் மட்டும்தான் ஏறலாம் என்பதும் பாதிதான் உண்மை. நாம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால் பணம் போச்சு. ரயில் தாமதமாகி, போய்ச் சேர 20 நிமிஷமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். எனக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

பதில்:
நாங்கள் இரண்டு பேர் இத்தாலி மட்டும், ரோம், புளோரன்ஸ், வெனிஸ், மிலான். தேதி உறுதியாக இருந்தது, இரண்டு மாதம் முன்பே அதிவேக ரயில் டிக்கெட் எடுத்துவிட்டோம். பாஸ் எடுத்திருந்தால் அதன் விலைக்கு மேல் ஒவ்வொரு அதிவேக ரயிலுக்கும் இருக்கைக் கட்டணம் கட்டியிருப்போம், கணக்குப் போட்டதில் கட்டுப்படியாகவில்லை. புளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு உள்ளூர் ரயில், அதற்கு அன்றைக்கே எடுத்தாலும் அதே விலைதான். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷனில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தம்பதி டிக்கெட் வைத்திருந்தும் அபராதம் கட்டினார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பதில்:
பதிவை எழுதியவன்தான். ஸ்டுட்கார்ட் தம்பி, பயர்ன் டிக்கெட் பற்றி முன்பே தெரிந்திருந்தால் 4 நாள் பாஸ் எடுத்துப் பாரிஸ் டிக்கெட்டை விசா வந்த அன்றே வாங்கியிருப்பேன். அடுத்த வருஷம் மாமனார் மாமியாரோடு வியன்னா, ப்ராக் போக எண்ணம். அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.