ட்ரக்டருக்கு முதல் வந்து போத்தல் எடுக்கிறவங்க: உங்கட அனுபவத்தையும் போடுங்க

எங்கட ஒழுங்கையில கிழமைக்கு ரெண்டு நாள் குப்பை ட்ரக்டர் வரும், உக்கிறது வேற உக்காதது வேற எண்டு பிரிச்சித்தான் வைக்கிற. ஆனா ட்ரக்டர் வாறதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் சைக்கிள்ள ஒரு அம்மா வருவா, ஹேண்டில்ல ரெண்டு உரபேக் தொங்கும், கேற்றடியில வச்ச பேக்க அவிழ்த்து போத்தல் எல்லாம் எடுத்துட்டுத் திரும்பக் கட்டி வச்சிட்டுப் போவா. போன வருசம் ஒருநாள் நாய் பேக்க இழுத்து றோட்டெல்லாம் குப்பை, நான் அவதான் காரணம் எண்டு கடுமையாப் பேசிட்டன். "மகள், நான் கட்டித்தான் வச்சன், போத்தல வேறயா வச்சித் தந்தா நான் பேக்கத் தொடவே மாட்டன்" எண்டு மட்டும் சொன்னா. எனக்கு அண்டு சோறு இறங்கல.

மறுகா ஒரு சாக்குல போத்தல மட்டும் போட்டு வைக்கத் தொடங்கினன். அவ கேற்றடியில குந்தி இருந்து எனக்குச் சொல்லித் தந்தா. மூடி ஒரு பிளாஸ்டிக், போத்தல் இன்னொரு பிளாஸ்டிக், கழட்டிக் குடுத்தாத்தான் கடையில நல்ல விலை. நிறமில்லாத போத்தலுக்கு ஒரு விலை, பச்சைக்கு அதவிடக் குறைவு. எண்ணெய் போத்தல் ஒண்டு கலந்தா மூட்டையவே தள்ளி வைப்பாங்களாம். யோகட் கப்பும் பிஸ்கட் கவரும் ஒருத்தரும் வாங்கிறல்ல. அரை லீட்டர் போத்தல் ஒரு கிலோ சேர 40, 50 வேணும், அப்ப ஒரு மூட்டைக்கு எத்தின கேற்றடியில அவ குனிஞ்சி நிமிரணும் எண்டு யோசிச்சிப் பாருங்க. அவ எடுக்காத போத்தல் கான்ல விழுந்தா மழைக்கு நேரா மட்டக்களப்பு வாவிக்குத்தான் போகும், கல்லடிப் பாலத்துல நிண்டு பாத்தா எல்லாருக்கும் தெரியும்.

அக்கரைப்பற்றிலிருந்து

அக்கா, நான் பழைய சாமான் வாங்கி விக்கிறவன், வாப்பாட காலத்துல இருந்து கடை. அப்ப பழைய பேப்பர் எல்லாம் வாழைச்சேனை காகித ஆலைக்குப் போகும், இப்ப அட்டைப்பெட்டியும் போத்தலும் கொழும்புப் பக்கம்தான். ஒருத்தர் 10 கிலோ கொண்டு வந்தா அதுக்கு நல்ல விலை போட எனக்கும் ஏலாது, பத்துப் பேர்ட சாமான் ஒண்டாச் சேர்ந்து லொறி நிறைஞ்சாத்தான் மேல இருக்கிறவனோட விலை பேசலாம். இதுதான் தொழில்ட உண்மை.

எங்கட அம்பாறை மாவட்டத்துல பள்ளக்காட்டு குப்பை இடம் தெரியும்தானே. 2008ல ஐரோப்பிய ஒன்றியத்துட காசுல வந்தது, சுத்தி இருந்த மின்சார வேலிக்கு 2014ல இடி விழுந்தது, அதக் கனகாலமாத் திருத்தவே இல்ல. யானை உள்ளுக்க வந்து சாப்பாட்டு மணத்துக்கு சொப்பிங் பேக்கோட சேர்த்து விழுங்குது. 2022 தைமாசம் ரெண்டு யானை செத்தது பேப்பரெல்லாம் வந்திச்சி, அதுக்கு முந்தின எட்டு வருசத்துல 20 அளவுல செத்திருக்கு. சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் சீட்ட 2017லயே தடை செஞ்சிருக்கு, ஆனா அங்க போய்ப் பாத்தா நெஞ்சு எரியும். எடுக்கிறவங்க கைக்கு வராம கலந்து போனதெல்லாம் அங்கதான் போய்ச் சேருது.

வாழைச்சேனையிலிருந்து

என்ட அம்மா இந்தத் தொழில்தான் செய்யிறா, நான் ஏ.எல். படிச்சதும் அந்தக் காசிலதான். மாரி வந்தா பெரிய கஷ்டம், போத்தலுக்க தண்ணி நிண்டா நுளம்பு, டெங்கு எண்டு சுகாதாரப் பகுதி ஆக்கள் வந்து வழக்கு எழுதுவம் எண்டு சொல்லிட்டுப் போவாங்க. அது பிழை எண்டு சொல்ல மாட்டன், நுளம்பு வாறது உண்மைதான், ஆனா ரெண்டு பேர்ச் வளவுல குடியிருக்கிறவ மூட்டைய எங்க கொண்டுபோய் வைக்கிற? அதால அம்மாவோட ஏழு பொம்பிளைகள் சேர்ந்து தகரம் போட்ட ஒரு கொட்டில் அடிச்சாங்க, சீட்டுக் காசுல ஒரு தராசும் வாங்கினாங்க. தராசு வந்த அண்டைக்குத்தான் தெரியும், கடையில 18 கிலோ எண்ட மூட்டை எங்கட தராசுல 21. அம்மா அழுதுட்டா.

இந்தியாவில புனேயில ஸ்வச் எண்டு ஒரு கூட்டுறவு இருக்கு, குப்பை பொறுக்கிறவங்களே அதுக்குச் சொந்தக்காரர். 1993ல இருந்தே சங்கமாச் சேர்ந்திருந்தவங்க, 2008ல மாநகராட்சியோட ஒப்பந்தம் செஞ்சி வீடு வீடாப் போய் எடுக்கிறாங்க, வீட்டுக்காரர் மாசக் கட்டணம் குடுக்கிறாங்க, சாமான் வித்த காசும் எடுக்கிறவங்களுக்குத்தான். இங்க உக்காதத வேறயா எடுக்கத் தொடங்கின உடனே அம்மாக்கு வாற போத்தல் பாதியாக் குறைஞ்சி போச்சி, ஒருத்தரும் அவங்கள்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒரு அடையாள அட்டை, கையுறை, ட்ரக்டர் போற நாளுல பிரிக்கிற வேலை, இவ்வளவு குடுத்தாலே அவங்க செஞ்சி காட்டுவாங்க.

திரும்ப அக்கரைப்பற்று

தம்பி, தராசு விசயம் எங்கட தொழில்ல நடக்கிறதுதான், உம்மாட வயசுள்ள ஆளுக்கு அப்பிடிச் செய்யிறது பெரிய பாவம். என்ட லொறி மாசத்துக்கு ரெண்டு தரம் மட்டக்களப்பால ஏத்திக்கொண்டு உங்கட வழியாலதான் கொழும்புக்குப் போற. மூடி கழட்டி நிறம் பிரிச்சி வைக்கச் சொல்லுங்க, கொட்டிலடியில நிப்பாட்டுவன், உங்கட தராசுலயே நிறுப்பம்.