குரூப் 4: ஒரே விண்ணப்பம்தான், ஆனால் வி.ஏ.ஓ.வுக்கும் (கிராம நிர்வாக அலுவலர்) இளநிலை உதவியாளருக்கும் தகுதி வேறு வேறா?

தேனிக்காரன்:
அக்காவுக்காகக் கேட்கிறேன். அடுத்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம் என்றிருக்கிறார். 2025 அறிவிக்கையை வைத்துப் படித்துப் பார்த்தோம், குழப்பம்தான் மிச்சம். விவரம்: பி.சி., பிறந்த தேதி 14.06.1982, பத்தாவது, பிளஸ் டூ இரண்டும் பாஸ். பத்தாவது வரை தமிழ் வழி. தொலைநிலைக் கல்வியில் பி.ஏ., அது ஆங்கில வழி. தட்டச்சில் தமிழ் சீனியர், இங்கிலீஷ் ஜூனியர் பாஸ். இங்கிலீஷ் சீனியர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார். எந்தெந்தப் பதவிக்குத் தகுதி உண்டு? பி.ஏ. ஆங்கில வழி என்பதால் பி.எஸ்.டி.எம். (தமிழ் வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு) கிடைக்காதா?

செங்காந்தள்:
முதலில் இரண்டு தேதிகளைப் பிரித்துப் பாருங்கள். வயதுக்கு ஒரு தேதி, படிப்புக்கு வேறொரு தேதி. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள், மீதிப் பேர் தகுதி இல்லாமல் எழுதிவிட்டுக் கடைசியில் ஏமாறுகிறார்கள்.

வயது, அறிவிக்கை வரும் ஆண்டின் ஜூலை 1 அன்று எவ்வளவு என்பதே கணக்கு. அக்காவுக்கு 01.07.2025 அன்று 43 முடிந்துவிட்டது. வி.ஏ.ஓ.வுக்கு 21 முடிந்திருக்க வேண்டும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 42 முடிந்திருக்கக் கூடாது. ஆகவே வி.ஏ.ஓ. இல்லை.

இளநிலை உதவியாளர், தட்டச்சர் கதை வேறு. இந்தப் பிரிவினரில் பத்தாவதுக்கு மேல் படித்தவர்களுக்கு இந்தப் பதவிகளில் உச்ச வயது வரம்பே கிடையாது, 60 முடியாமல் இருந்தால் போதும். அக்காவின் பிளஸ் டூ இங்கேதான் கைகொடுக்கிறது. "43 ஆகிவிட்டது, இனி எழுத முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தச் சலுகை பொதுப்பிரிவினருக்கு, அதாவது அறிவிக்கையில் 'ஏனையோர்' என்று வருபவர்களுக்கு இல்லை. பட்டம் இருந்தாலும் 32 முடிந்திருக்கக் கூடாது. 2025 கணக்கில் 02.07.1993 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் எஸ்.சி. அல்லது ஓ.பி.சி. சான்று வைத்திருப்பவர்களும் இங்கே ஏனையோர்தான்.

விசைப்பலகை:
தட்டச்சர் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு மொழியும் சீனியர். தமிழ் சீனியர், இங்கிலீஷ் ஜூனியர். இங்கிலீஷ் சீனியர், தமிழ் ஜூனியர். இந்த மூன்றில் எது இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் நிரப்புவதும் இதே வரிசைதான். இரண்டும் சீனியர் முடித்தவர்கள் போக மீதி இருந்தால்தான் அடுத்த வகைக்கு வருவார்கள். அதனால் இங்கிலீஷ் சீனியர் ரிசல்ட் அக்காவுக்கு ரொம்ப முக்கியம்.

தேதியில்தான் சிக்கல். கல்வி, தொழில்நுட்பத் தகுதி எல்லாம் அறிவிக்கை வெளியான நாளிலேயே கையில் இருக்க வேண்டும். 2025 அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வந்தது, விண்ணப்பிக்க மே 24 வரை நேரம் இருந்தது. இடையில் மே முதல் வாரம் ரிசல்ட் வந்திருந்தால் அந்த ஆண்டுக்கு அது செல்லாது. பரீட்சை எழுதிய தேதியைப் பார்க்க மாட்டார்கள், ரிசல்ட் தேதியைத்தான் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் இல்லை என்று தட்டச்சரை விட்டுவிட வேண்டாம். தகுதிகாண் பருவத்துக்குள் அதை முடித்தால் போதும்.

செங்காந்தள்:
பி.எஸ்.டி.எம். விட்டுவிட்டேன். தமிழ் வழி 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கு நிர்ணயித்த கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு நிர்ணயித்த தகுதி பத்தாவது. எனவே அதற்கு மேல் எந்த மீடியத்தில் படித்தாலும் பாதிப்பில்லை, அக்கா கேட்கலாம். பட்டப்படிப்பு தேவைப்படும் குரூப் 2-க்குப் போனால், இதே ஆங்கில வழி பி.ஏ.வால் பி.எஸ்.டி.எம். கேட்க முடியாது.

சான்றிதழ் வாங்குவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐந்தாவது வரை ஒரு பள்ளி, பத்தாவது வரை வேறு பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டும். தேர்வாணையத்தின் படிவத்தில், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்று விடாமல் எழுதி வாங்குங்கள். நடுவில் ஒரு வகுப்பு விட்டுப்போனாலும் கோரிக்கை நிராகரிக்கப்படும். பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் செய்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி. இன்னொன்று. அக்காவின் சாதிச் சான்றிதழில் கணவர் பெயர் இருக்கிறது. பரவாயில்லையா?

மாலைநேரம்:
செல்லாது. திருமணமான பெண்களுக்கும் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். இ-சேவையில் இப்போதே புதிதாக விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.

ஹால் டிக்கெட் வந்தால் தகுதி உறுதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தேர்வெழுத அனுமதிப்பது தற்காலிகமானதுதான். சான்றிதழ்களைச் சரிபார்ப்பது ரிசல்ட்டுக்குப் பிறகு. விண்ணப்பத்தில் தட்டச்சுத் தகுதியையோ பி.எஸ்.டி.எம்.மையோ குறிப்பிடாமல் விட்டால் அப்போது சேர்க்க முடியாது. கடைசித் தேதி முடிந்ததும் திருத்தம் செய்யச் சில நாட்கள் தருவார்கள். அதற்குள் அச்செடுத்து ஒவ்வொரு வரியையும் அசல் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முக்கியமாகத் தேர்ச்சி பெற்ற தேதியையும் சான்றிதழ் எண்ணையும்.