புதுப்பிப்பு: பியாங்யாங் வானொலி கேட்டுவிட்டது!

வெளிநாட்டுச் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்க மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பி கட்டியும் வெறும் இரைச்சல்தான் என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, குற்றவாளி கம்பி இல்லை. மாடிப்படி எல்இடி பல்பு! அணைத்ததும் பாதி இரைச்சல் காணோம்.

கம்பியையும் மாற்றினேன். 143-ஐ, கேட்க வேண்டிய அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் ஆன்டெனாவின் (நடுவில் வெட்டி இரு பக்கமும் நீட்டிய கம்பி) நீளம் மீட்டரில் கிடைக்கும். 11.7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.2 மீட்டர், நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 6.1.

நேற்று 25 மீட்டர் பேண்டில் (இந்த 11.7 அடங்கிய சிற்றலைப் பகுதி) வடகொரியாவின் வாய்ஸ் ஆஃப் கொரியா (2002 வரை ரேடியோ பியாங்யாங்) ஆங்கிலத்தில் கணீரென்று வந்தது. பெயர்தான் செய்தி, முக்கால்வாசி தலைவர் புகழ். நம்மூர் கட்சி மேடையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் இடையில் வந்த கோரஸ் பாட்டு, சும்மா சொல்லக்கூடாது, அருமை.

கம்பியின் ஒரு முனை அம்மாவின் துணிக்கொடிக் கம்பத்தில் இருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது.