மறு: டிபென்டன்ஸ் – 'அடிமை' வேண்டாமே

> ஓபியாய்டு டிபென்டன்ஸ் = அபினி அடிமைத்தனம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. உங்கள் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ஓபியாய்டு (அபினி வகை மருந்து) டிபென்டன்ஸுக்கு 'அடிமைத்தனம்' என்று போட்டிருப்பதைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் மயக்கவியல் மருத்துவராக இருக்கிறேன், வார்டில் இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டு.

தொடை எலும்பு முறிந்து ஒருவர் வருகிறார். ஹெராயினை விட்டு, அதற்கு மாற்றாகத் தரப்படும் ஓபியாய்டான பச்சை நிற மெத்தடோனைத் தினமும் காலையில் மருந்துக்கடைக்காரர் கண்ணெதிரே குடிப்பவர். "அதுவே வலி மருந்துதானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வேளை மெத்தடோன், மருந்து விட்டுப்போய் உடம்பு முறுக்காமல் ஒரு நாள் முழுக்கக் காக்கும். வலியை அடக்குவதோ ஆறு, எட்டு மணி நேரம்தான். மதியம் அவர் ஊசி கேட்கும்போது கேஸ் ஷீட்டில் 'அடிமை' என்று இருந்தால், நர்ஸின் கை தயங்கும். செய்ய வேண்டியது வேறு. மெத்தடோனை நிறுத்தாமல் அதற்கு மேல் பாரசிட்டமால், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, அப்புறம் மார்ஃபின். அந்த மார்ஃபினும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். (நம்மூரில் கைக்கு எட்டும் பென்டசோசின் என்ற வலி ஊசியை மட்டும் போட்டுவிடாதீர்கள், மெத்தடோனின் வேலையையும் கெடுத்துவிடும்.)

புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் மார்ஃபின் எடுக்கும் பாட்டிக்கும் திடீரென நிறுத்தினால் மூக்கு ஒழுகும், வயிறு முறுக்கும். அவரை அடிமை என்போமா? உடம்பு மருந்தை நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்; அதுதான் டிபென்டன்ஸ். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்தது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூல்) டிபென்டன்ஸ் என்ற நோய்ப்பெயரையே கைவிட்டது.

அதனால் டிபென்டன்ஸுக்கு 'மருந்துச் சார்பு' என்பேன். கேடு தெரிந்தும் விட முடியாத அடிக்‌ஷனுக்கு 'வேட்கைநோய்' என்று நினைத்தேன். அகத்திணை வாசனை அடிக்கிறது, யாராவது காப்பாற்றுங்கள்.

டாலரன்ஸுக்குப் பட்டியலில் உள்ள 'சகிப்புத்தன்மை' சரியில்லை. நோயாளி யாரைச் சகிக்கிறார், எங்களையா? ஊரில் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "அந்த ஊசி ஒடம்புக்குப் பழகிப்போச்சு தம்பி, முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது." டாலரன்ஸ் என்பது அதேதான். 'மருந்து பழகல்' என்று வைக்கலாம். 'பழக்கம்' என்று மட்டும் போட வேண்டாம், உடனே 'கெட்ட' முன்னால் ஒட்டிக்கொள்ளும்.

மருந்தை நிறுத்தினால் வரும் அவதியான வித்ட்ராயலுக்கு நீங்கள் போட்டிருக்கும் 'பின்வாங்கல்' ஏதோ படை பின்வாங்குவது போல இருக்கிறது. டூட்டிக்கு நேரமாகிவிட்டது, அதை இரவு பார்க்கிறேன்.