முடியாத ஆட்டத்துக்கு ரேட்டிங்கா? முதலில் கடிகாரத்துக்குப் பதில் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
நம் சேலம் செஸ் கிளப்பில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) கணக்குப் போடும் நடுவர் அஞ்சு ரோடு ஆர்பிட்டர் நேற்று ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறார். "ஆளுக்கு ஒரு காய் நகர்த்திவிட்டால் அந்த ஆட்டம் ரேட்டிங்குக்குப் போகும். முடியாமல் நின்றால் டிரா." படித்ததும் காபி புரையேறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஏற்காட்டு நண்பரும் ஆடியதைத்தான் சொல்கிறார். மண்டபத்து வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நண்பர் கடைசி பஸ் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பலகையில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அது டிராவாம்! என் ரேட்டிங் 1600இல் 5.2 புள்ளி காலி. முடியாத ஆட்டத்தை எண்ணவே கூடாது என்பது என் கட்சி. கூடவே ஒரு சின்னக் கேள்வி: நண்பர் எழுந்து போனபோது கடிகாரத்தை நிறுத்தினாரா, இல்லையா?

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
நானாகப் போட்ட சட்டம் இல்லை சார். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் விதியிலேயே இருக்கிறது. எதிராளி வராததால் நடக்காத ஆட்டம் எண்ணப்படாது. இருவரும் ஆளுக்கு ஒரு நகர்த்தலாவது செய்துவிட்டால் எண்ணப்படும். வெள்ளம், பூகம்பம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு. உங்கள் 1600க்கும் அவர் 1400க்கும் 200 வித்தியாசம். உங்களிடம் எதிர்பார்ப்பது 0.76, எடுத்தது 0.5, இரண்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் கே மதிப்பு 20. மைனஸ் 5.2. கால்குலேட்டர் பொய் சொல்லாது.

குகை குதிரை:
வாட்ச்மேன் வெள்ளமா, பூகம்பமா? பட்டியலில் எங்கே சேர்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
கால்குலேட்டர் பொய் சொல்லாது, சரி. அதில் 0.5 என்று தட்டிய விரல் யாருடையது? ரேட்டிங்குக்குப் போக வேண்டுமானால் 1, அரை, 0 என்று ஒரு முடிவு வேண்டும். முடிவே இல்லாத ஆட்டத்துக்கு நீங்களாக அரைப்புள்ளி வைத்தீர்கள். அந்த விதியில் "முடியாவிட்டால் டிரா" என்று எங்கே இருக்கிறது, வரியைக் காட்டுங்கள். அப்படியே கடிகாரத்துக்கும் பதில்.

மலைப்பாதை 20:
நான்தான் அந்த ஏற்காட்டு நண்பர். வணக்கம். கடிகாரத்தை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தேன். "டிராங்க அண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கையும் நீட்டினேன். அண்ணா கையைப் பிடித்தார்.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
கை நீட்டினால் பிடிக்கத்தான் செய்வார்கள். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். பத்திரமாகப் போய்வா தம்பி என்று கொடுத்த கை அது. டிராவுக்குச் சம்மதம் சொன்னதாக யார் காதிலாவது விழுந்ததா? கடிகாரம் நிற்கவில்லை. நம்முடையது சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். இரண்டு பொத்தானும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் நின்றதாக அர்த்தம். என் பக்கத்துப் பொத்தான் கீழே இருந்தது. அப்படியானால் உங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் முள் கொடியைத் தூக்க ஆரம்பித்திருந்தது, அது விழுந்தால் நேரம் தீர்ந்து தோல்வி. நானே பார்த்தேன்.

புல்லட் தம்பி:
லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது சார். ஆட்டத்தை ஆரம்பத்திலேயே அபார்ட் (ரத்து) செய்தால் ரேட்டிங் மாறாது. நடுவில் ஆள் காணாமல் போனால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெற்றி எடுத்துக்கொள்ளலாம், இல்லை டிரா என்று முடித்துக்கொள்ளலாம். நாமும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
தம்பி, மலைக்குப் போகிற பஸ் நெட் கட் ஆவது மாதிரி திடீரென்று வராது. அதற்கு நேரம் உண்டு, அவருக்கும் தெரியும். தெரிந்தே ஒவ்வொரு தடவையும் ஓப்பனிங்கில் ஐந்தாவது நகர்த்தலுக்குக் கால் மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அம்மாபேட்டை டீச்சர்:
ஒரு நிமிடம். "முடியாத ஆட்டம்" என்று எதைச் சொல்கிறோம்? நேரம் தீர்ந்து கொடி விழுந்ததையா, இருவரும் பேசி ஒத்திவைத்ததையா, ஒருவர் பாதியில் எழுந்து போனதையா? மூன்றும் வேறு வேறு. கொடி விழுந்தால் அது முடிந்த ஆட்டம்தான். ஒத்திவைத்தது பிறகு முடியும். மூன்றாவதுதான் இங்கே சிக்கல். அதை முதலில் பேசிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

குகை குதிரை:
டீச்சர், போட்டோ இருக்கிறது. போன ஞாயிறு பக்கத்து மேஜையிலிருந்து எடுத்தது. இதோ போட்டிருக்கிறேன். கடிகாரம் தெரிகிறது, பாதிதான். கறுப்புப் பக்கத்துப் பொத்தானை யாரோ வைத்த டீ டம்ளர் மறைக்கிறது.

மலைப்பாதை 20:
அண்ணன் பக்கத்துப் பொத்தானைப் பாருங்கள். முழுசாகக் கீழே இல்லை, பாதியில் நிற்கிறது. அப்படியென்றால் இரண்டும் சமமாகத்தான் இருக்கும். கடிகாரம் நின்றுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
பாதியா? சாய்த்துப் பிடித்து எடுத்த போட்டோ அது. குகைக்காரர் எடுத்த எந்தப் போட்டோவில் பலகை நேராக இருந்திருக்கிறது? டம்ளரை வைத்தது யார் என்று கேளுங்கள். நான் ஆடும்போது டீ குடிப்பதில்லை.

குகை குதிரை:
டீ குடிப்பதில்லை, உண்மைதான். தட்டுவடை செட் சாப்பிடுவீர்கள். உங்களோடு ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் என் கையில் பீட்ரூட் வாசம் ரெண்டு நாள் போகாது. வெள்ளை யானையின் தலையில் இன்னும் பச்சைச் சட்னிக் கறை இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
அந்தக் கறை நான் மெம்பர் ஆவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பேச்சை மாற்ற வேண்டாம்.

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
நிலையைப் பார்த்துத்தான் டிரா வைத்தேன். போட்டோவில் தெளிவாகவே தெரிகிறது. ஒரு யானை, ஒரு சிப்பாய், எதிரே ஒரு யானை. கறுப்பு ராஜா சிப்பாய்க்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையைக் காக்கிறது, வெள்ளை ராஜா அதைத் தாண்ட முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை கீழே இறங்கிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்கும். 1777லேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு. தெரிந்தவர் ஆடினால் டிராதான்.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
"தெரிந்தவர் ஆடினால்." இதைத்தான் சொல்ல வைக்கப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமா? மேட்டூர்க்காரர்களோடு நடந்த மேட்சில் இதே நிலையில் யானையைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்து அரைப்புள்ளியைக் கோட்டைவிட்டவர் இவர்தான். அன்றைக்கு நம் அணி தோற்றதே அந்த அரைப்புள்ளியில்தான். நேரம் வேறு இல்லை. நிலை டிரா என்பது ஒன்று, ஆட்டம் டிரா என்பது வேறு. அப்படிப் பார்த்தால் ஆரம்ப நிலைகூடச் சமம்தான், ஆடாமலே ஆளுக்கு அரை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே.

மலைப்பாதை 20:
மேட்டூர் ஆட்டத்தில் எனக்குக் காய்ச்சல். அது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அண்ணன் மூன்றாவது போர்டில் இருபது நகர்த்தலில் தோற்றதையும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

புல்லட் தம்பி:
சார், 1984இல் கார்ப்போவும் காஸ்பரோவும் ஆடிய மேட்சே முடியவில்லையே! 48 ஆட்டம் ஆடி, வெற்றி 5-3 என்று இருக்கும்போது, 1985 பிப்ரவரியில் ஃபிடே தலைவர் காம்போமனெஸ் நிறுத்திவிட்டார். உலகச் சாம்பியன் மேட்சுக்கே முடிவில்லை என்றால் நம் கிளப் ஆட்டம் எம்மாத்திரம்?

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
முடியாதது மேட்ச். அந்த 48 ஆட்டமும் ஒவ்வொன்றாக முடிந்தவை. எட்டில் யாரோ ஜெயித்தார்கள், 40 டிரா. பாதியில் எழுந்து யாரும் பஸ் பிடிக்க ஓடவில்லை.

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரம் ஆடிவிட்டு ஆட்டத்தை ஒத்திவைத்தார்களே, அதெல்லாம் ரேட்டிங்குக்குப் போகவில்லையா? 1972 ரெய்க்யவிக் உலகச் சாம்பியன் மேட்சில் 21ஆவது ஆட்டம் ஒத்திவைத்ததுதான். மறுநாள் ஸ்பாஸ்கி பலகைக்கே வரவில்லை, போனில் தோல்வியைச் சொல்லிவிட்டார். ஃபிஷர் சாம்பியன்.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
நன்றி. எனக்காக நீங்களே வாதாடுகிறீர்கள். போன் செய்தாவது முடித்தார் இல்லையா? இவருக்கு அடிவாரம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டதாம். அப்புறம், அங்கே ஒத்திவைக்கும்போது என்ன செய்வார்கள்? அடுத்த நகர்த்தலை ரகசியமாக எழுதிக் கவரில் போட்டு ஒட்டுவார்கள். கவரின் மேல் நிலை, இருவர் செலவழித்த நேரம், யார் நகர்த்த வேண்டும், எல்லாம் எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நம் கவர் எங்கே? நடுவர் எங்கே? கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
மண்டப வாடகை பாக்கியைப் பற்றி மேனேஜரிடம் பேசப் போயிருந்தேன். அந்தப் பாக்கியில் யாருடைய நாலு மாதச் சந்தா இருக்கிறது என்று பொதுவில் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

குகை குதிரை:
சொல்லிவிட்டீர்களே.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
சந்தா ஜிபேயில் போட்டாயிற்று, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ரேட்டிங் பேசினால் சந்தா, சந்தா பேசினால் தட்டுவடை. கடிகாரம் பேசினால் மட்டும் எல்லோருக்கும் வாய் கட்டிவிடுகிறது. விதியே சொல்லட்டும். நகர்த்த வேண்டியவர் நடுவர் அனுமதி இல்லாமல் ஆடும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடி தராத ஆட்டத்தில் கடைசி 2 நிமிடத்துக்குள் இருப்பவர் டிரா கேட்கலாம், அதற்கும் கொடி விழுமுன் நடுவரைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட்டது கண்டக்டரை. கடிகாரம் ஓடியிருந்தால் கொடி விழுந்து நான் ஜெயித்தேன். பிளஸ் 4.8.

அம்மாபேட்டை டீச்சர்:
சார், முதலில் எண்ணவே கூடாது என்றீர்கள். இப்போது ஜெயித்ததாக எண்ண வேண்டும் என்கிறீர்கள். இரண்டில் எது?

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
கடிகாரம் ஓடியது என்று அவர் ஒப்புக்கொண்டால் வெற்றி. ஒப்புக்கொள்ளவில்லையா, எண்ணாதீர்கள். இரண்டிலும் மைனஸ் 5.2 வராது. இதில் என்ன குழப்பம் டீச்சர்?

மலைப்பாதை 20:
எனக்கு அந்த 5.2 புள்ளி பெரிய விஷயம் இல்லை. ஆனால் கொடி விழுந்து தோற்றேன் என்று எழுதினால் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கீழே இருப்பவர்கள் ஆடி முடித்து அஸ்தம்பட்டியில் பரோட்டா சாப்பிடுகிற நேரத்துக்கு நான் பாதி மலையில் நிற்கிறேன். ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் ஆரம்பியுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டார்களா?

குகை குதிரை:
முன்னால் ஆரம்பித்தால் வெள்ளிப் பட்டறை வேலை முடித்து வருகிறவர்கள் என்ன செய்வது? கொலுசுக்குச் சங்கிலி கோத்துக்கொண்டே சிசிலியன் ஓப்பனிங் ஆடுவதா? மலைக்காரர்களுக்காகச் சேலமே நேரத்தை மாற்ற வேண்டுமா?

புல்லட் தம்பி:
இங்கிலாந்தில் வேலை முடித்து ஆடுகிற லீக் ஆட்டங்களில், நேரம் முடிந்தால் நிலையை ஒரு வலுவான ஆட்டக்காரரிடம் அனுப்பித் தீர்ப்பு வாங்குகிற வழக்கம் ரொம்ப நாள் இருந்தது சார். இப்போது அதற்கு ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராம் போதும். நானே போட்டுப் பார்த்தேன். 0.00, அதாவது சமம் என்று காட்டுகிறது.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
ரேட்டிங் யாருக்கு, ஸ்டாக்ஃபிஷுக்கா? ஏலோ என்பவர் போட்ட ரேட்டிங் கணக்கை ஃபிடே 1970இல் எடுத்துக்கொண்டது மனுஷன் எப்படி ஆடுகிறான் என்று அளக்க. நாற்காலியில் உட்கார்ந்து, வியர்த்து, கொடியைப் பார்த்துப் பார்த்து ஆடியதற்குத்தான் புள்ளி. மண்டபத்தில் இல்லாத எந்திரம் ஆடியதை என் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

மலைப்பாதை 20:
கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஏற்றிக் கொடுத்ததே, 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம். நம் கிளப் பட்டியலில் அதைப் போட்டார்களா? போட்டிருந்தால் என் 1400 இப்போது 1640.

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
அது ஃபிடே பட்டியலுக்கு. நம்முடையது கிளப் பட்டியல்.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
ஓஹோ! டிரா கொடுக்க ஃபிடே விதி வேண்டும், புள்ளி ஏற்றும்போது மட்டும் கிளப் பட்டியல். போட்டிருந்தால் எனக்கு 1760, அவருக்கு 1640, வித்தியாசம் 120. அப்போது நீங்கள் வைத்த அதே டிராவுக்கு 3.2தான் போயிருக்கும். மீதி 2 புள்ளி யார் பாக்கெட்டில்?

குகை குதிரை:
இப்போது இவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆர்பிட்டர், ஓடிவிடுங்கள்.

மலைப்பாதை 20:
ஒரே கட்சி எல்லாம் இல்லை. பொத்தான் பாதியில்தான் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
கீழே இருந்தது.

அஞ்சு ரோடு ஆர்பிட்டர்:
எக்செல் கோப்பைப் பூட்டிவிட்டேன். அடுத்த பொதுக்குழு வரை யாரும் எதையும் மாற்ற முடியாது. 5.2 கழித்தது கழித்ததுதான்.

அம்மாபேட்டை டீச்சர்:
பொதுக்குழு எப்போது என்றாவது யாராவது சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை சிப்பாய்:
ஆடிப் பண்டிகை முடிந்ததும் என்பார்கள், போன வருஷமும் அதையேதான் சொன்னார்கள். வருகிற ஞாயிறு நான் என் சொந்த டிஜிட்டல் கடிகாரத்தைக் கொண்டுவருகிறேன். குகைக்காரர் டம்ளரோடு என் மேஜைப் பக்கம் வரக் கூடாது.

குகை குதிரை:
டம்ளர் ஆர்பிட்டருடையது.