பிளாக் டைம்: ‘தொகுதி நேரம்’ வேண்டாம், ‘நிலையிடை நேரம்’ சரிவருமா?

> பிளாக் டைம் – தொகுதி நேரம்
> ஏர் டைம் – பறப்பு நேரம்
> ஏர் டிஸ்டன்ஸ் – வான்வழித் தூரம்

வணக்கம்.

விமானத் துறைச் சொற்களுக்கு நீங்கள் முன்வைத்த மேற்கண்ட மூன்று தமிழாக்கங்களில் நடுவில் உள்ளது சரி, மற்ற இரண்டும் இடிக்கின்றன. இங்கே பிளாக் என்பது நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. அதை எடுத்துப் புறப்பட்டதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை பிளாக் டைம். தொகுதிக்கு இங்கே வேலையே இல்லை. ‘முட்டுக்கட்டை நேரம்’ என்றால் சொல்லளவில் பொருந்தும், ஆனால் படிப்பவர் தாமதக் கணக்கு என்றுதான் நினைப்பார்.

தேர் நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த ‘நிலை’யை விமானம் நிற்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டால் ‘நிலையிடை நேரம்’ கிடைக்கும். விமானிகள் சொல்லும் அவுட், ஆஃப், ஆன், இன் நான்கும் கூடவே வந்துவிடும்: நிலைவிடல் (நிற்குமிடத்திலிருந்து கிளம்புவது), எழல் (தரையைவிட்டு எழுவது), தொடல் (தரையைத் தொடுவது), நிலைசேரல் (நிற்குமிடத்துக்கு வந்து சேர்வது). உலகப் பொதுநேரத்தில் 10:00, 10:22, 17:17, 17:27 என்று பதிவாகியிருந்தால் பறப்பு நேரம் 6 மணி 55 நிமிடம், நிலையிடை நேரம் 7 மணி 27 நிமிடம். பயணச்சீட்டில் அச்சிடும் நேரங்கள் நிலைவிடலுக்கும் நிலைசேரலுக்கும் உரியவை.

‘வான்வழித் தூரம்’ இன்னும் வில்லங்கம். பொதுமக்களுக்கு அது இரு ஊர்களுக்கு இடையே பூமிப்பரப்பின் மேல் அமையும் மிகக் குறுகிய தூரம். அதற்குப் ‘பெருவட்டத் தூரம்’ ஏற்கெனவே இருக்கிறது. பறப்புத் திட்டம் போடுகிறவருக்கோ ஏர் டிஸ்டன்ஸ் என்பது காற்றுக்குள் கடந்த தூரம். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடிக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 5,540 கி.மீ. விமானம் அதே கோட்டில், காற்றை ஒப்பிட 900 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். மேற்கே போகையில் 100 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் தரைவேகம் 800, ஆகும் நேரம் 6 மணி 55 நிமிடம், காற்றுக்குள் கடந்தது சுமார் 6,230 கி.மீ. திரும்புகையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 32 நிமிடம், சுமார் 4,990 கி.மீ. எரிபொருள் இந்தத் தூரத்துக்குத்தான் செலவாகிறது. ஆகவே ‘காற்றுத் தூரம்’ என்பது என் பரிந்துரை. தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் கணிப்பான் இரு திசைக்கும் ஒரே நேரம் காட்டுவது இதனால்தான் தவறு.

இன்னொன்று: கடல் மைல், மைல் இரண்டையும் ‘மைல்’ என்றே எழுதிவிடாதீர்கள். மேற்சொன்ன தூரம் 2,991 கடல் மைல், 3,442 மைல்.

———

> ஏர் டைம் – பறப்பு நேரம்

இது எனக்கு உறுத்துகிறது ஐயா. பன்னாட்டு வான்பயண அமைப்பின் வரையறைப்படி ஃபிளைட் டைம் என்பது, புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்ததிலிருந்து கடைசியில் நிற்பதுவரை. நீங்கள் சொல்லும் நிலையிடை நேரமேதான். ஃபிளைட் என்றதும் கை தானாகப் ‘பறப்பு’ என்று எழுதும். அப்புறம் விமானியின் பதிவேடும் பராமரிப்புப் பதிவேடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பராமரிப்புக்கு எழலிலிருந்து தொடல்வரை மட்டும்தான் கணக்கு.

———

நியாயம். அப்படியானால் ஏர் டைமுக்கு ‘வானிருப்பு நேரம்’ என்று வைத்துக்கொள்வோம். ஃபிளைட் டைமை ‘நிலையிடை’யோடு சேர்க்க முடியாது. ஹெலிகாப்டருக்கு அது சுழல்தகடுகள் சுற்றத் தொடங்கியதிலிருந்து நிற்பதுவரை. நிலையை விடுவதற்கு முன்பே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ‘இயக்க நேரம்’ என்றால் அசைவுக்கும் சுழற்சிக்கும் பொருந்தும், ஆனால் எஞ்சின் ஓடும் நேரத்தோடு குழம்பும். விமானத்தை இழுவண்டி பின்னால் தள்ளும்போது எஞ்சின் ஓடாமலும் இருக்கலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.